பெண்ணும் நல்லதும் சேர்ந்த எழுத்து

எலும்புச்செவி வந்து இறங்கிய அன்று, ஜப்பானின் ஃபுகுவே தீவில், கடற்பாசிக் கொட்டகையில் காலையிலேயே கல்யாணக் களை வந்துவிட்டது. தரைவாசல் பக்கம் ஜப்பானியர் வரிசை. கடல்வாசல் பக்கம் சீனர் வரிசை. நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கம்பெனிப் பெண் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் துவரம்பருப்பு அளவில் ஒரு வில்லையை ஒட்டி அழுத்தினாள். தொண்டையில் இன்னொன்று.

வரிசையில் இசோகிச்சியும் நின்றார். அறுபதைத் தாண்டிய ஆள். பாசி அலசி அலசி விரல்கள் வெளுத்துப்போய், மழையில் ஊறிய மரம்போல் இருக்கும். அன்றைக்கு மட்டும் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"என்ன இசோ சான், பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றான் பின்னால் நின்ற ஹமாகுச்சி. கொட்டகையில் மூட்டை தூக்குகிறவன். வாய் ஓயாதவன்.

"போடா."

"இல்ல, சட்டையெல்லாம் பளபளக்குது. அந்தக் குய்லான் அம்மாகிட்ட இன்னிக்கு வாய் தொறந்து பேசிடுவீங்க போல."

"பேசத்தான் போறேன். உனக்கென்ன எரியுது?"

உலகத்தில் எல்லோரும் காதுக்குள் மொழிபெயர்க்கும் செவிவிதை வைத்துக்கொண்டு, எந்த நாட்டானோடும் சொந்த மொழியில் பேசித் திரிய ஆரம்பித்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பேரமும் வழக்கும் காதலும் சண்டையும் அப்படித்தான் நடந்தன. பிற மொழியைப் படித்தவர் என்று ஒருத்தரைக் காட்டினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். ஆனால் இந்தக் கொட்டகைக்குள் மட்டும் அந்த விதை முளைக்கவில்லை. பாசியை உலர்த்தும் பெரிய விசிறிகள் போடும் இரைச்சலில் செவிவிதை வெறிபிடித்து ஊளையிடும், காதுச்சவ்வே கிழிந்துவிடும். அதனால் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது சட்டம். சீனத்து ஆட்களுக்குத் தங்குமிடம் கடலில் நிற்கும் ஒரு கப்பல். கடல்வாசல் வழியாக வருவார்கள், வேலை முடிந்ததும் அப்படியே போய்விடுவார்கள். ஆக இரண்டு நாட்டு ஆட்களும் சந்தித்துக்கொள்வது அந்த இரைச்சலுக்குள் மட்டும்தான். உலகமே பேசிக்கொண்டிருந்த காலத்தில், பேச வழியில்லாத ஒரே கூரை அது.

இந்த எலும்புச்செவிக்கு இரைச்சல் ஒரு பொருட்டில்லை. தொண்டையின் அதிர்வைப் பிடித்து, எதிராளியின் எலும்புக்கு நேராக அனுப்பிவிடும். காற்றே வேண்டாம். சந்தேகம் வந்தால் அதுவே குறுக்கிட்டு விளக்கமும் சொல்லும்.

இசோகிச்சி தன் முறைக்காகக் காத்துக்கொண்டே, பேச வேண்டியதை மனசுக்குள் உருட்டிப் பார்த்தார். நாகசாகியில் ஒரு குழந்தை வைத்தியரைப் பார்த்துப் பேசியாகிவிட்டது. வீட்டில் கடல் பக்கத்து அறையைச் சுத்தம் செய்து, பாயும் மாற்றியாகிவிட்டது. குய்லானிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. உன் பொண்ணைக் கூட்டிக்கிட்டு இங்கேயே வந்துடு. அவளை நான் பார்த்துக்கிறேன்.

அந்தக் குழந்தையை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மூன்று வருஷமாக அவர் உயிரோடு இருந்ததே அவளுக்காகத்தான்.

*

பாசி பிரிக்கிற பலகையின் மேல் எப்போதும் ஒரு நீர்ப்படலம் நிற்கும். பாசியின் வழவழப்பு கலந்த நீர். விரலால் கோடு இழுத்தால், மூச்சு விடும் நேரம் நிற்கும். பிறகு தானாக மூடிக்கொள்ளும். குய்லான் முதன்முதலில் அவருக்கு எதிரே வேலைக்கு நின்ற அன்று, அந்த நீரில் ஓர் எழுத்து எழுதிக் காட்டினாள். 'அண்ணன்.'

இசோகிச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு அது புரிந்தது.

சிறு வயதில் பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர் அவர். தொழிலாளிகளுக்கான வகுப்பில் உட்கார்ந்து எழுத்து படிக்கும்போது வயது ஐம்பது. அங்கே ஒரு வாத்தியார் சொல்வார்: "நம்ம எழுத்தெல்லாம் சீனத்துலேருந்து கப்பல் ஏறி வந்தது. அந்தக் காலத்துல சீனத்துக்குப் போன நம்ம தூதருங்க இந்தத் தீவுலதான் கடைசியாக் குடிதண்ணி பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. போன கப்பல்ல எத்தனையோ திரும்பல. திரும்பின கப்பல்ல புத்தகம், மருந்து, புத்தர், எழுத்து எல்லாம் வந்துச்சு. பாதி நனைஞ்சுதான் வந்திருக்கும்!" வகுப்பு சிரிக்கும். அந்தத் தூதர்களுக்கும் சீனத்துப் பேச்சு சரியாக வராதாம். ஒருவர் தூரிகையால் எழுத, மற்றவர் எழுத்தாலேயே பதில் சொல்வாராம். பேச்சு வேறு, எழுத்து ஒன்று.

இங்கேயும் அதுதான் நடந்தது. தூரிகைக்குப் பதில் விரல். குய்லானும் அதிகம் படித்தவள் இல்லை. ஆன்ஹுய் பக்கத்து வயற்காட்டிலிருந்து வந்தவள், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளுக்கு ஒரு பிடி எழுத்து, இவருக்கு ஒரு பிடி எழுத்து. இரண்டு பிடியும் சந்திக்கிற இடத்தில் நாள் முழுவதும் பேசினார்கள். மழை. பசி. கை வலி. மேஸ்திரி கழுதை. ஊர் தூரம்.

முதல் வருஷக் குளிரில் ஒருநாள், அவர் தன் மகள் நாகிசாவைப் பற்றி எழுதினார். ஒரு பக்கம் 'பெண்', அதன் பக்கத்திலேயே 'நல்ல'. இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்து. மகள். அதற்குக் கீழே 'இறப்பு'. காய்ச்சலில் கிடந்தவளை நாகசாகி ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டு போனபோது, பாதிக் கடலில் அவர் மடியிலேயே போய்விட்டாள். அதையெல்லாம் எழுத அவருக்கு எழுத்து போதவில்லை. எத்தனை வயது என்று குய்லான் கேட்டாள். எழுதினார். அவள் எட்டிப் பார்த்து, மெல்லச் சிரித்து, அவர் புறங்கையைத் தட்டிக் கொடுத்தாள். மறுநாள் ஒரு சிவப்புத் துணித்துண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தச் சிரிப்பு முதலில் அவரைக் குத்தியது. அப்புறம் யோசித்துப் பார்த்தார். செத்த குழந்தைகளைக் காக்கிற ஜீசோ சாமியின் கற்சிலைக்குச் சிவப்புத் துணிதான் கட்டுவார்கள். இவளுக்கு அது தெரிந்திருக்கிறது. கண்ணீர் விட்டுக் கூடவே அழுகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார். சிரித்துத் தேற்றுகிறவள் இவள் ஒருத்திதான். துணியைக் கொண்டுபோய் ஜீசோ கழுத்தில் கட்டினார். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

கொஞ்ச நாள் கழித்து அவளும் அதே எழுத்தை எழுதினாள். 'பெண்', 'நல்ல.' ஊரில் இருக்கிறாள் என்று கையைத் தூரமாகக் காட்டினாள். நோய் என்று எழுதினாள்.

அன்றிலிருந்து இசோகிச்சி காலையில் வந்ததும் முதலில் கேட்பது அவளைப் பற்றித்தான். குய்லான் சொல்வாள். பல் விழுந்துவிட்டது என்று எழுதினாள்; புதுப் பல் முளைக்கும் என்று இவர் சந்தோஷப்பட்டு, மெல்ல வேண்டாத சிவப்பவரை அல்வா வாங்கிக் கொடுத்தனுப்பினார். படுக்கையை நனைக்கிறாள் என்று எழுதினாள். நாகிசாவும் அப்படித்தான் என்று தலையை ஆட்டிச் சிரித்தார். பொம்மை கொடுத்தார், ரிப்பன் கொடுத்தார், உள்ளே பஞ்சு வைத்த சின்னக் காலுறை கொடுத்தார். ஒருநாள் குய்லான் எழுதினாள்: என் முகம் மறந்துவிட்டாள். இசோகிச்சி பாசியை அப்படியே போட்டுவிட்டார். தாய் தூரதேசத்தில் பாசி பிரித்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு முகம் எப்படி நினைவிருக்கும்? 'போ, ஊருக்குப் போ' என்று எழுதினார். ஒப்பந்தம் முடியவில்லை என்று எழுதினாள்.

அவர் மனதில் அந்தக் குழந்தைக்கு ஒரு முகம் வந்துவிட்டிருந்தது. நாகிசாவின் முகம் இல்லை, வேறு. முன்பல் இரண்டு இல்லாத, நோஞ்சான் முகம்.

*

வில்லை ஒட்டியதும் மண்டைக்குள் சில்லென்று ஒரு குரல், "வணக்கம். இனி எல்லாம் புரியும்" என்றது. விசிறிகள் ஓடத் தொடங்கின. கொட்டகை அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில், பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசுவதுபோல் அத்தனை தெளிவாக, முதன்முதலாகக் குய்லானின் குரல் கேட்டது.

"அண்ணே."

அவள் குரல் இத்தனை கரகரப்பாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கண் வீங்கியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தார்.

"கேக்குதாம்மா?"

"நல்லாக் கேக்குது அண்ணே. எத்தனை நாள் ஆசை!" என்றாள். "நான் ஒண்ணு சொல்லணும்னு…"

"நீ அப்புறம் சொல்லு. முதல்ல நான் கேக்கறேன். குழந்தை எப்படி இருக்கா?"

"எந்தக் குழந்தை?"

"உன் பொண்ணும்மா."

குய்லான் திரும்பி, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். "எனக்கு ஏது அண்ணே பொண்ணு? நான் கல்யாணமே கட்டிக்கலையே."

இசோகிச்சி சிரித்தார். காதுக்குப் பின்னால் வில்லையை ரெண்டு தட்டுத் தட்டினார். "புது எந்திரம்ல, தப்பாச் சொல்லுது" என்றார். பழையபடி நீரில் விரலை வைத்தார். 'பெண்.' பக்கத்தில் 'நல்ல.' "இவ. இவ எப்படி இருக்கா?"

அவள் பலகையையே பார்த்தாள். உதடு கோணியது. "அதைச் சொல்லத்தான் வந்தேன். அம்மா போயிட்டாங்க அண்ணே. முந்தாநாள்தான் சேதி வந்துச்சு."

"யாரோட அம்மா?"

"என்னைப் பெத்த அம்மா. இதுதானே அம்மா?" நீரில் மூடிக்கொண்டிருந்த எழுத்தைக் காட்டினாள்.

அப்போது எந்திரம் இருவருக்கும் ஒரே நேரத்தில், கொஞ்சமும் குரல் மாறாமல் விளக்கம் சொன்னது. "பொருள் முரண். ஒரே எழுத்து. ஜப்பானில் மகள் என்று பொருள். சீனத்தில் தாய் என்று பொருள். எழுத்து கடல் கடந்த பழங்காலத்தில் அதற்கு இளம்பெண் என்று பொருள். ஜப்பானில் அவள் மகளாக நின்றாள்; சீனத்தில் பொருள் வளர்ந்து தாய் ஆயிற்று. வேறு ஐயம் உண்டா?"

இசோகிச்சிக்கு வேறு ஐயம் இல்லை. ஊரிலேயே இருந்தவள் வயதாகித் தாயாகிவிட்டாள். கடல் கடந்து போனவள் சிறுமியாகவே நின்றுவிட்டாள். பாதிக் கடலில் மடியில் வைத்திருந்த பாரம் மறுபடியும் தொடையில் அழுத்துவதுபோல் இருந்தது. முன்பல் இல்லாத அந்த முகத்தை மனதுக்குள் தேடினார். அங்கே பல்லே இல்லாத ஒரு கிழவி, யாரோ ஒரு கிழவி, உட்கார்ந்திருந்தாள்.

"பல் விழுந்துச்சுன்னு எழுதினியே" என்றார்.

"எம்பது வயசுல விழாதா அண்ணே?"

"முகம் மறந்துட்டான்னு…"

"எல்லாமே மறந்துட்டாங்க. சோறு தின்னதைக்கூட." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க குடுத்த பொம்மையை மட்டும் விடல. கடைசி மூச்சு வரைக்கும் மடியிலதான் இருந்துச்சாம். நான்கூட நெனச்சேன், ஜப்பான்ல வயசானவங்களுக்குப் பொம்மை குடுக்கறது மரியாதையாக்கும்னு."

இசோகிச்சி சிரிக்கப் பார்த்தார். தொண்டையிலிருந்து வந்தது சிரிப்பில்லை.

அதற்குள் குய்லானின் முகம் மாறிவிட்டது. விளக்கம் அவளுக்குள்ளும் இறங்கி, மெல்ல அடியைத் தொட்டிருந்தது. "அண்ணே… அப்போ நீங்க எழுதினது? செத்துப்போனதா எழுதினீங்களே, தொண்ணூறு வயசு…"

"என் பொண்ணு. ஒன்பது வயசு."

ஜப்பானில் வயது என்பதற்குச் சுருக்கமாக ஓர் எழுத்துப் போடுவார்கள். பார்ப்பதற்குப் பத்து என்ற எழுத்துத்தான். கீழே ஒரு சாய்கோடு மட்டும் கூடுதல். நீரில் அந்தச் சாய்கோடு நிற்கவில்லை. ஒன்பதை அடுத்துப் பத்து எழுதினால் தொண்ணூறு என்று படிப்பார்கள்; அவளுக்கு அது தொண்ணூறாகவே நின்றது.

"நான் சிரிச்சேனே" என்றாள். பாசிக் கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். "தொண்ணூறு வாழ்ந்து போறது எங்க ஊர்ல நல்ல சாவு. அழக்கூடாது. சிவப்புத் துணிதான் குடுப்போம். உங்க பொண்ணு செத்ததுக்கு நான் சிரிச்சிட்டேனே அண்ணே!"

"விடும்மா. அது நல்ல துணி. சாமிக்குத்தான் கட்டியிருக்கேன்."

"நான் சிரிச்சேன்!"

"விடுன்னு சொல்றேன்ல."

அவள் விடவில்லை. எத்தனையோ வேலைநாள் முன்பு மூடிக்கொண்ட நீரில் எதையோ துடைக்கிறவள்போலப் பலகையைக் கையுறையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மேஸ்திரி வந்து, "ஏன் நிக்கறீங்க?" என்று கேட்டார். அதுவும் இப்போது எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது.

*

அன்று கொட்டகையில் உடைந்தது இவர்கள் இருவர் மட்டும் இல்லை. ஹமாகுச்சிக்கு ஒரு பழக்கம். பெரிய மூட்டையைத் தூக்க முடியுமா என்று எதிர்வரிசை ஃபாங் சைகையில் கேட்டால், பலகையில் மூன்று எழுத்து எழுதிக் காட்டுவான். ஒண்ணும் ஆகாது, பரவாயில்லை என்று அர்த்தம். ஃபாங் உடனே விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பான். என்ன மரியாதை பார் என்று ஹமாகுச்சிக்கு இத்தனை வருஷமாக உள்ளூரப் பெருமை. அதே மூன்று எழுத்துக்குச் சீனத்தில் 'வீராதி வீரன்' என்று பொருளாம். சல்யூட் கிண்டல். ஹமாகுச்சி அதற்கப்புறம் ஃபாங் பக்கம் திரும்பவில்லை. ஃபாங்கும், "நாங்க சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம், கெட்ட எண்ணமெல்லாம் இல்லப்பா" என்று ரெண்டு முறை சொல்லிப் பார்த்து அடங்கிவிட்டான். ரொம்பத் தெளிவாகத்தான் சொன்னான். அதுதான் தொந்தரவு.

எலும்புச்செவி வேலை செய்யாத இடம் என்று இனி எங்கும் இல்லை. ஆட்கள் முதல் சில நாள் ஆசை தீரப் பேசினார்கள். சம்பளம் எவ்வளவு, ஊரில் யார் யார். பிறகு அவரவர் நாட்டு ஆளோடு மட்டும் பேசினார்கள். பலகையில் ஈரம் நின்றது. யாரும் கோடு இழுக்கவில்லை.

இசோகிச்சியும் குய்லானும் எதிரெதிரேதான் நின்றார்கள். "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்பாள். "ஆச்சு. நீ?" என்பார். முன்பு எழுத்துப் போதாமல் தவித்தவர்களுக்கு இப்போது சொல் எல்லாம் கையில் இருந்தது. அவள் ஒவ்வொரு சொல்லையும் கல் பொறுக்குவதுபோல் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள். அவரும் அப்படியே. கடல் பக்கத்து அறையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. யாருக்காகச் சுத்தம் செய்தேன் என்று சொல்ல, அப்படி ஒருத்தி வேண்டுமே. நாகசாகி வைத்தியருக்கு, குழந்தை வரவில்லை என்று சொல்லியனுப்பினார். ஏன் என்று அவர் கேட்டார். "இறந்துட்டா" என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்ன பிறகுதான், அது பொய்யில்லை என்று அவருக்குப் பட்டது. மனிதர்கள் இறந்தால் ஒரு சிலையாவது இருக்கும், துணி கட்ட. இவளுக்கு எதில் கட்டுவது?

தாய் இறந்ததால் குய்லானுக்கு ஒப்பந்தத்திலிருந்து விடுதலை கிடைத்தது. ஊருக்குப் போகும் நாளில் இசோகிச்சி மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு துறைக்கு வந்தார். அந்தக் காலத்தில் தூதர்களின் கப்பல்கள் காற்றுக்குக் காத்துக் கிடந்த அதே வளைகுடா. காற்றே இல்லாமல் கடல் எண்ணெய்போல் கிடந்தது.

"இத்தனை நாள் என்னைப் பாத்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றி அண்ணே" என்றாள். "உடம்பைப் பாத்துக்கங்க."

"நீயும் பாத்துக்கம்மா."

அதோடு முடிந்துவிட்டது. படகுக்காரன் கயிற்றை அவிழ்க்கக் காத்திருந்தான். இசோகிச்சிக்குத் தாங்கவில்லை. வெளுத்த உள்ளங்கையை விரித்து அவள் முன்னால் நீட்டினார். எழுது என்று சொல்லவில்லை. சொன்னால் எந்திரம் அதையும் சரியாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும்.

குய்லான் விரலைத் தூக்கினாள். கையின் மேல் கொண்டுவந்தாள். நின்றாள். ஓர் எழுத்துக்காக விரல் வளைவதும், வேண்டாம் என்று நிமிர்வதும், இன்னொன்றுக்கு வளைவதும் அவருக்குத் தெரிந்தது. இது அவர் ஊரில் என்னவாகுமோ, இது யாரைக் கொல்லுமோ. முன்பெல்லாம் தப்பு நடக்கிறது என்று தெரியாததால் அவளால் எழுத முடிந்தது. கடைசியில் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, வெறுங்கையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறிக்கொண்டாள்.

படகு விலகி, முகம் தெரியாத தூரம் போன பிறகுதான் அந்த ஓலம் வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, நீண்டு, உடைந்து, மறுபடி கிளம்புகிற ஓலம். எலும்புக்குள்ளேயே கேட்டது, அவர் பக்கத்தில் நின்று அவள் அழுவதுபோல.

"மொழி அல்லாத ஒலி. பொருள் இல்லை" என்றது எந்திரம்.

ஓலம் மறுபடி எழுந்தது.

"பொருள் இல்லை."

பெற்ற தாய்க்காகவா? பாதிக் கடலில் போன ஒன்பது வயதுக்காரிக்காகவா? எந்த ஊரிலும் பிறக்காத, முன்பல் இல்லாத அந்த மூன்றாமவளுக்காகவா? கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். எலும்புச்செவி எட்டும் தூரத்தில்தான் படகு இருந்தது. ஒரே ஒரு சொல் போதும்.

இசோகிச்சி வாயை இறுக மூடிக்கொண்டார். படகு முனையைத் தாண்டி, ஓலம் எலும்பிலிருந்து கழன்று விழும்வரை திறக்கவில்லை.